சாயம் ஏற்றிய கைகள்

கருங்காலியாக வாழ்வதைவிட நாயாக இருப்பதே மேல் என்று சொன்னது புளூட்டோ. மிக்கி மவுஸின் செல்ல நாய். நாம் ஆண்களா, எலிகளா என்று கேட்டது மிக்கியே. 1941 மே 29ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரில் டிஸ்னி ஸ்டுடியோ வாசலில் மறியல் தொடங்கியபோது தொழிலாளர்கள் தூக்கிப் பிடித்த அட்டைகளில் இருந்த வாசகங்கள் இவை. உலகத்தில் எந்த வேலைநிறுத்தத்திலும் அவ்வளவு நேர்த்தியான மறியல் அட்டைகள் இருந்திருக்காது. நேர்த்தியாக இல்லாவிட்டால்தான் அதிசயம், பிடித்து நின்றவர்கள் எல்லாரும் படம் வரைந்து சம்பளம் வாங்கியவர்கள். புளூட்டோவின் காதையும் மிக்கியின் புருவத்தையும் எந்த வளைவில் இழுத்தால் கோபம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அதுவரை முதலாளிக்காக இழுத்த கோட்டை அன்று தங்களுக்காக இழுத்தார்கள்.

சினிமா தொழிலாளியின் போராட்ட வரலாற்றை அச்சுக்கலை எப்படிச் சுமந்தது, இன்று எப்படிச் சுமக்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த வாசலுக்குத்தான் போகிறது. படம் செய்கிறவர்கள் தங்களைப் படமாக்கிக்கொண்ட அரிய தருணம் அது.

1937 டிசம்பரில் வெளியான 'ஸ்னோ ஒயிட்' டிஸ்னியைச் செல்வந்தராக்கியது. அந்த லாபத்தில்தான் பர்பேங்கில் குளிர்சாதன வசதியோடு புது ஸ்டுடியோ எழுந்தது. உள்ளே ஓர் ஊழியர் அடுக்கு இருந்தது. மேலே பெயர் பெற்ற அனிமேட்டர்கள், வாரம் 200, 300 டாலர். அடித்தட்டில் மை தீட்டும் பெண்கள், வாரம் சுமார் 18 டாலர். அனிமேட்டர் பென்சிலில் போட்ட படத்தின் மேல் ஒளிபுகும் செல்லுலாய்டு தாளை வைத்து, மெல்லிய பேனா முனையால் கோட்டுக்குக் கோடு நகலெடுப்பது அவர்கள் வேலை. கைரேகை படக்கூடாது என்று பருத்திக் கையுறை போட்டிருப்பார்கள். பேனா பிடிக்கும் விரல்களுக்கு மட்டும் துணி வெட்டப்பட்டிருக்கும். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் வண்ணம் பூச வேண்டும். கோடு ஒரு மயிரிழை தடித்தால் திரையில் உருவம் நடுங்கும். ஸ்னோ ஒயிட்டின் கன்னச் சிவப்பு அவர்கள் கையில் வந்தது. ஆனால் படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர்கள் பெயர் வரவில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. ஒரு காட்சி படமாகி முடிந்ததும் அந்தச் செல்லுலாய்டு தாள்களைக் கழுவி மறுபடியும் பயன்படுத்துவது அன்றைய வழக்கம். இரவு பகலாகத் தீட்டிய மை தண்ணீரோடு போய்விடும். தப்பிய சிலவற்றை 1938 முதல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒரு கலைக்கூடம் சட்டம் போட்டு விற்றது. விலைச்சீட்டில் டிஸ்னி பெயர் இருந்தது. தீட்டிய பெண்ணின் பெயர் இல்லை.

போர் மூண்டு ஐரோப்பியச் சந்தை அடைபட்டதால் 'பினோக்கியோ'வும் 'ஃபேன்டேசியா'வும் நஷ்டம் காட்டின. ஆட்குறைப்பு தொடங்கியது. ஸ்டுடியோவின் முன்னணி அனிமேட்டர்களில் ஒருவரான ஆர்ட் பாபிட், நல்ல சம்பளத்தில் இருந்தும், கீழ்த்தட்டு ஊழியர்களுக்காகச் சங்கத்தில் முன்னால் நின்றார். அவரை வேலையை விட்டு நீக்கியதும் மறியல் வெடித்தது. போட்டி நிறுவனமான வார்னரின் கார்ட்டூன் கலைஞர்கள் ஒருநாள் நிஜமான அளவில் ஒரு கில்லட்டின் செய்து ஊர்வலமாகக் கொண்டுவந்து, டிஸ்னியின் வக்கீல் உருவத்துக்குத் தலை வெட்டினார்கள். ஒன்பது வாரம் போல நடந்த போராட்டத்தின் முடிவில், மத்திய அரசின் மத்தியஸ்தத்தில் சங்கம் அங்கீகாரம் பெற்றது.

ஆனால் அந்தத் தொழிலாளிகளைப் பற்றித் திரையில் நின்ற படம் எது? அதே 1941 அக்டோபரில் வெளியான டிஸ்னியின் 'டம்போ'வில் சர்க்கஸ் கோமாளிகள் குடித்துவிட்டு, முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்கக் கிளம்பும் காட்சி ஒன்று உண்டு. அது வெளியே மறியலில் நின்றவர்களைக் கேலி செய்த காட்சி என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்துவிட்டார்கள். புளூட்டோ அட்டையோ வெயிலில் வெளிறிப்போகும் சாதாரண அட்டை. இன்று நமக்கு மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் அதன் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்தான். தெருவில் நின்றவர்களின் படம் தெருவோடு போகும், முதலாளியின் படம் திரையில் நிலைக்கும். இந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சமாவது குலைக்கிற வலு அச்சுக்கு உண்டு என்பது என் நம்பிக்கை. ஒரு கட்டையை ஒரு முறை செதுக்கினால் நூறு தாள், ஐந்நூறு தாள். ஒன்று கிழிந்தால் இன்னொன்று எங்கோ ஒரு வீட்டுச் சுவரில் இருக்கும்.

ஹாலிவுட் தொழிலாளிகளின் கதை அதற்குப் பிறகு இன்னும் ரத்தம் சிந்தியது. 1945 மார்ச்சில், செட் அலங்காரம் செய்யும் 77 பேர் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்ற சச்சரவில் தொடங்கிய வேலைநிறுத்தம், பெயின்டர், தச்சர், கார்ட்டூன் கலைஞர், மெஷினிஸ்ட் என்று 10,000-க்கும் மேற்பட்டவர்களை இழுத்துக்கொண்டது. இவர்களின் கூட்டமைப்புக்குத் தலைவர் ஹெர்பர்ட் சொரெல். பெயின்டர், முன்னாள் குத்துச்சண்டைக்காரர், டிஸ்னி வாசலிலும் நின்றவர். அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை. வார்னர் ஸ்டுடியோ வாசலில் தீயணைப்புக் குழாய்களின் தண்ணீர், கண்ணீர்ப்புகை, தடியடி. கார்கள் கவிழ்க்கப்பட்டன. அந்த நாளை ஹாலிவுட் 'கறுப்பு வெள்ளி' என்று இன்றும் சொல்கிறது. 1946 செப்டம்பரில் ஸ்டுடியோக்கள் கதவடைப்புச் செய்தன. 1947இல் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் வந்து சங்கங்களின் கைகளைக் கட்டியது. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று வால்ட் டிஸ்னி நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் அமர்ந்து, தன் ஸ்டுடியோவின் வேலைநிறுத்தம் கம்யூனிஸ்டுகளின் வேலை என்று சாட்சியம் சொன்னார். சொரெல் பெயரும், மறியலில் முன்னின்ற அனிமேட்டர் டேவிட் ஹில்பர்மன் பெயரும் அதில் இருந்தன. சில ஆண்டுகளில் அந்தக் கூட்டமைப்பே இல்லாமல் போனது.

சங்கம் என்றாலே எல்லாம் தூய்மை என்று சொல்லிவிட முடியாது. எதிர் முகாமில் இருந்த பெரிய மேடைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பிரவுனும் அவருடைய ஆள் வில்லி பயாஃபும் சிகாகோ ரவுடிக் கும்பலோடு சேர்ந்து மிரட்டிப் பணம் பறித்ததற்காக 1941இல் தண்டனை பெற்றார்கள். இந்த வரலாற்றைச் செதுக்குகிற உளி இதையும் செதுக்கத்தான் வேண்டும்.

1946இல் மறியல் கோட்டைத் தாண்ட மறுத்தவர்களில், ஃபிலிமைக் கழுவி அச்சிடும் லேப் தொழிலாளிகளும் உண்டு. இவர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச ஆசை. சினிமாவில் உண்மையான அச்சுக்காரர்கள் இவர்கள்தான்.

டெக்னிகலர் என்றால் வண்ணப்படம் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அது வேலை செய்த விதம் அச்சகத்தின் விதம். கேமராவுக்குள் ஒரு முப்பட்டகம் ஒளியைப் பிரிக்கும். மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் ஒரே சமயத்தில் ஓடும். ஒவ்வொன்றிலிருந்தும் ஜெலட்டினால் ஆன ஒரு அச்சுச்சுருள் தயாராகும். அதில் படம் மேடும் பள்ளமுமாக இருக்கும். தொட்டுப் பார்த்தால் தெரியாத மேடு பள்ளம். ஒரு சுருள் மஞ்சள் சாயத்தில் முங்கும், ஒன்று கருஞ்சிவப்பில், ஒன்று நீலப்பச்சையில். மேடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு சாயம் குடிக்கும். பிறகு, ஒரு வெற்றுப் படச்சுருளை ஊசிகள் பதித்த நீண்ட உலோகப் பட்டையில் ஏற்றி, சாயம் குடித்த சுருளை அதன் மேல் அழுத்தி ஓடவிடுவார்கள். சாயம் இதிலிருந்து அதற்கு இறங்கும். ஒரு நிறம் முடிந்து அடுத்த நிறம், அதன் மேல் மூன்றாவது நிறம். மூன்றும் மயிரிழை பிசகாமல் ஒன்றன் மேல் ஒன்று உட்கார வேண்டும். பிசகினால் நாயகியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் தெரியும்.

லித்தோ அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. கல்லுக்குப் பதில் ஜெலட்டின், காகிதத்துக்குப் பதில் படச்சுருள். இப்படி அச்சடித்த பிரதிகளின் நிறம் எளிதில் வெளிறாது. எழுபது, எண்பது ஆண்டு கடந்தும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். 1932இல் இந்த மூவண்ண முறையில் முதலில் வெளியானது டிஸ்னியின் 'பூக்களும் மரங்களும்' என்ற குறும்படம். ஆக, மை தீட்டிய பெண்ணும் சாயம் ஏற்றிய லேப் தொழிலாளியும் ஒரே படத்தின் இரண்டு முனைகளில் நின்றவர்கள். இரண்டு முனைகளும் இருட்டு. அமெரிக்காவில் 1970களின் நடுவில் அந்த முறை கைவிடப்பட்டது. 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் அங்கே அப்படி அச்சான கடைசிப் படங்களில் ஒன்று. பிரிட்டனில் இருந்த அச்சு இயந்திரங்கள் பிற்பாடு சீனாவுக்குப் போயின.

1946இல் லேப் தொழிலாளிகள் வேலையை மறுத்ததும் ஸ்டுடியோக்கள் தெற்கே மெக்சிகோவைப் பார்த்தன. நெகட்டிவை அங்கே அனுப்பிக் கழுவி வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அங்கே ஒருவர் மறுத்தார். கேப்ரியல் ஃபிகெரோவா, மெக்சிகோவின் மாபெரும் ஒளிப்பதிவாளர். 1945இல் நடிகர்கள் கான்டின்ஃப்ளாஸ், ஹோர்ஹே நெக்ரேட்டே ஆகியோரோடு சேர்ந்து திரைப்படத் தயாரிப்புத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர். அண்டை நாட்டில் போராடுகிறவர்களின் வயிற்றில் அடிக்கும் வேலையை எங்கள் லேபில் செய்ய மாட்டோம் என்று சங்கம் நின்றது. இதற்கு ஃபிகெரோவா பின்னாளில் விலை கொடுத்தார். கம்யூனிஸ்டுகள் என்று பட்டியல்கள் போட்டு ஆட்களை விரட்டிய அந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் கதவு அவருக்கு அடைபட்டது. ஹாலிவுட் கொண்டாடியிருக்க வேண்டிய கண் அது.

ஃபிகெரோவாவின் ஒளிப்பதிவுக்கு ஒரு மூலம் உண்டு. அது அச்சுக்கலை. 1937இல் மெக்சிகோ நகரில் லியோபோல்டோ மெண்டெஸ், பாப்லோ ஓ'ஹிகின்ஸ், லூயிஸ் அரெனால் ஆகியோர் 'மக்கள் வரைகலைப் பட்டறை' ஒன்றைத் தொடங்கினார்கள். தொழிற்சங்கம் வந்து கேட்டால் போஸ்டர், ஆசிரியர்கள் வந்து கேட்டால் துண்டறிக்கை, பாசிச எதிர்ப்புக் கூட்டமா அதற்கும் ஒரு போஸ்டர். வாரம் ஒருமுறை கூடி, ஒருவர் வரைந்ததை மற்றவர்கள் விமர்சித்துத் திருத்துவார்கள். இவர்களுக்கு முன்னோடி ஹொசே குவாதலூப்பே போசாதா. 1913இல் வறுமையில் இறந்த அவர், தெருவில் காசுக்கு விற்கும் துண்டுத்தாள்களில் எலும்புக்கூடுகளை ஆடவிட்டு நாட்டையே சிரிக்கவும் யோசிக்கவும் வைத்தவர்.

பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் லினோலியத்தில் செதுக்கினார்கள். லினோலியம் வீட்டுத் தரையில் விரிக்கும் பொருள். ஆளி விதை எண்ணெயும் கார்க் தூளும் கலந்து செய்வது. மரத்தைவிட விலை குறைவு, மரத்தைப் போல் ரேகை இல்லாததால் உளி எந்தத் திசையிலும் ஓடும். லேசாகச் சூடு காட்டினால் வெண்ணெய் மாதிரி இளகும். செதுக்கி எடுத்த இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம் கறுப்பு. எழுத்து இருந்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ரோலரில் மை தேய்த்து, மேலே தாளை வைத்து அழுத்த வேண்டும். பிரஸ் இல்லாவிட்டால் கரண்டியின் முதுகால் தேய்த்தாலும் படம் வரும். தாளை ஒரு மூலையிலிருந்து உரிக்கும்போது மை பிரியும் மெல்லிய சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே மை கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார்கள் கைதேர்ந்தவர்கள். மெண்டெஸின் கைக்கு இன்னொரு வித்தை: ஒரே இழுப்பில் பல இணைகோடுகள் விழும் உளியால் வானத்தையும் புகையையும் சேலையின் மடிப்பு போல நெளியவிடுவார்.

எமிலியோ ஃபெர்னாண்டஸ் இயக்கி, ஃபிகெரோவா ஒளிப்பதிவு செய்து, 1948இல் வெளியான 'ரியோ எஸ்கோந்தீதோ' படத்தின் பெயர்ப்பட்டியலுக்கு மெண்டெஸ் பத்து அச்சோவியங்கள் செதுக்கினார். மரியா ஃபெலிக்ஸ் நடித்த அந்தப் படம், பண்ணையார் ஒருவனின் பிடியில் இருக்கும் வறண்ட கிராமத்துக்கு வரும் ஆசிரியையின் கதை. தீவட்டிகளோடு எழும் மக்கள் கூட்டம் ஒரு அச்சில். சிறு கட்டையில் செதுக்கிய கோடுகள் திரையில் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன, அவற்றின் மேல் தொழில்நுட்பக் கலைஞர்களின் பெயர்கள் ஓடுகின்றன. சினிமாவில் உழைத்தவர்களின் பெயருக்கு இவ்வளவு மரியாதையான பின்புலம் கிடைத்த இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை. வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்த ஒரு சங்கத் தலைவரும், சங்கங்களுக்குப் போஸ்டர் செதுக்கிய ஒரு ஓவியரும் ஒரே படத்தில் சந்தித்ததைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பிற்பாடு அந்தப் பத்தும் தனித் தொகுப்பாகவும் வெளிவந்தன. படம் ஓடி ஓய்ந்த பிறகும் அச்சு நின்றது.

இனி இன்று.

மெக்சிகோ பட்டறையின் வாரிசுகள் எல்லை கடந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கே வந்துவிட்டார்கள் என்று சொல்லலாம். ஸ்டுடியோக்கள் இருக்கும் அதே நகரத்தின் கிழக்குப் பகுதியில், 1970களின் தொடக்கத்தில் சிஸ்டர் கேரன் போக்கலேரோ என்ற கன்னியாஸ்திரீ மெக்சிகோ வம்சாவளி ஓவியர்களோடு சேர்ந்து உருவாக்கிய 'செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்' இன்றும் நடக்கிறது. அங்கே முக்கியமான முறை ஸ்கிரீன் பிரிண்டிங். நம்மூரில் கல்யாணத்துக்குக் கொடுக்கும் மஞ்சள் பையில் மணமக்கள் பெயர் அடிப்பார்களே, அதே வேலைதான்: சட்டத்தில் கட்டிய துணி, அடைத்த இடம் அடைத்தது, விட்ட இடத்தில் மை. அதே நகரத்தில் 1989இல் கேரல் வெல்ஸ் தொடங்கிய அரசியல் வரைகலை ஆய்வு மையம் 90,000-க்கும் மேற்பட்ட போராட்டப் போஸ்டர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. தெருவோடு போயிருக்க வேண்டியவை. 1998 முதல் ஜாஷ் மெக்ஃபீ முன்னெடுக்கும் 'மக்கள் வரலாற்றைக் கொண்டாடுவோம்' என்ற போஸ்டர் வரிசை, பாடப்புத்தகத்தில் இடம் கிடைக்காத போராட்டங்களை ஒவ்வொன்றாக அச்சில் ஏற்றி மலிவு விலைக்குத் தருகிறது. போசாதாவின் காசு விலைத் தாளுக்கு இது பேரப்பிள்ளை. ஒரு காலத்தில் அலுவலகங்களில் சுற்றறிக்கை எடுக்க வைத்திருந்த ரிசோ இயந்திரத்தை இளம் அச்சுக்கலைஞர்கள் இன்று விரும்பி வாங்குகிறார்கள். நிறத்துக்கு ஒரு உருளை, சற்றே பிசகிப் பதியும் வண்ணம், குறைந்த செலவு.

2023இல் இந்த நகரம் மறுபடியும் மறியல் கண்டது. மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாள் எழுத்தாளர்கள். ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை 118 நாள் நடிகர்கள். 1960க்குப் பிறகு இரண்டு சங்கங்களும் ஒன்றாகத் தெருவில் நின்றது அப்போதுதான். ஓடிடி வருமானத்தில் பங்கு, செயற்கை நுண்ணறிவுக்கு வரம்பு என்று கோரிக்கைகள். அட்டைகள் சங்கம் ஒரே அச்சாக அடித்துத் தந்தவை. மீதி இருந்த வெள்ளை இடத்தில் ஆளாளுக்கு மார்க்கர் பேனாவால் தங்கள் வாசகத்தை எழுதிக்கொண்டார்கள். எழுத்தாளர்கள் அல்லவா, வாசகங்கள் கூர்மை. 1941இன் அட்டையில் படம் பேசியது, 2023இன் அட்டையில் வார்த்தை பேசியது. அட்டை அழியும் என்ற பயமும் இப்போது இல்லை. மாலைக்குள் லட்சம் செல்போன்களில் ஏறிவிடும்.

ஆனால் அந்த அட்டைகளுக்குப் பின்னால் இன்னொரு கூட்டம் இருந்தது. லைட்மேன், தச்சர், காஸ்ட்யூமர், மேக்கப், டிரைவர். வேலைநிறுத்தம் அறிவித்தது அவர்கள் சங்கம் இல்லை. படப்பிடிப்பு நின்றதால் அவர்களுக்கும் மாதக்கணக்கில் கால்ஷீட் இல்லை, சம்பளம் இல்லை. வீட்டு வாடகை மட்டும் நிற்கவில்லை. பத்திரிகைப் படங்களில் வந்தவை நட்சத்திர முகங்கள். 1945இல் தண்ணீர்க் குழாய்க்கு எதிரே நின்றவர்கள் தச்சர்களும் பெயின்டர்களும். இன்றைய படத்தில் அவர்கள் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டார்கள். அச்சுக்கலைஞர்கள் உளியைத் திருப்ப வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதைவிடத் தூரத்தில், சட்டகத்துக்கு மட்டுமல்லாமல் கண்டத்துக்கே வெளியே இருப்பவர்கள், கணினியில் காட்சிகளை உருவாக்கும் விஎஃப்எக்ஸ் தொழிலாளிகள். 'லைஃப் ஆஃப் பை' நமக்கு நெருக்கமான படம். புதுச்சேரியில் தொடங்கும் கதை, பாம்பே ஜெயஸ்ரீயின் தமிழ்த் தாலாட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரை. அந்தப் புலி பெரும்பாலான காட்சிகளில் கணினியில் மயிர் மயிராக உருவானது. உருவாக்கியதில் பெரும்பங்கு 'ரிதம் அண்ட் ஹ்யூஸ்' நிறுவனத்துக்கு. ஹைதராபாத்திலும் மும்பையிலும் அதற்கு ஸ்டுடியோக்கள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அது திவால் மனு கொடுத்தது. அதே மாதம் 24ஆம் தேதி, அந்தப் புலிக்காக விஎஃப்எக்ஸ் ஆஸ்கர் வழங்கப்பட்டபோது, அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் போராடிக்கொண்டிருந்தார்கள். மேடையில் நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கிய கலைஞரின் பேச்சு, 'ஜாஸ்' படத்தின் சுறா இசையைப் போட்டு முடித்து வைக்கப்பட்டது.

அடுத்த சில நாள்களில் ஃபேஸ்புக்கில் ஒன்று பரவியது. உலகம் முழுக்க விஎஃப்எக்ஸ் ஊழியர்கள் தங்கள் முகப்படத்தை எடுத்துவிட்டு வெறும் பச்சைச் சதுரத்தை வைத்தார்கள். எங்கள் கை படாவிட்டால் உங்கள் படத்தில் மிஞ்சுவது இதுதான் என்பது செய்தி. பின்னணிக்காகக் கட்டும் பச்சைத் திரை, அவ்வளவே. 1941இன் புளூட்டோவுக்கு நேர் வாரிசாக நான் கருதுவது இதைத்தான். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரே ஒரு நிறம், ஒரே ஒரு இழுப்பு. எழுத்தே வேண்டாம். அதை யாரேனும் தாளில் அச்சிட்டுப் போராட்ட அச்சுகளின் வரிசையில் சேர்க்க வேண்டும். திரையில் மட்டும் விட்டால் அதுவும் கழுவிய செல்லுலாய்டு ஆகிவிடும்.

விஎஃப்எக்ஸில் ரோட்டோ என்று ஒரு வேலை. நடிகரை அவருடைய பின்னணியிலிருந்து பிரிக்க, உருவத்தின் விளிம்பைச் சுற்றி டிஜிட்டல் பேனாவால் கோடு போட வேண்டும். தலைமுடி, விரலிடுக்கு, பறக்கும் துப்பட்டா எல்லாம். நொடிக்கு 24 ஃபிரேம். இந்த முறையை முதலில் கண்டு 1917இல் காப்புரிமை பெற்றவர் மேக்ஸ் ஃப்ளைஷர். அவருடைய நியூயார்க் ஸ்டுடியோவில்தான் டிஸ்னிக்கும் நான்கு ஆண்டுகள் முன்பே, 1937இல், அனிமேஷன் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'ஸ்னோ ஒயிட்'டிலும் ரோட்டோ உதவியது. பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, சென்னை ஸ்டுடியோக்களில் ஹாலிவுட் படங்களுக்காக ரோட்டோ செய்யும் பிள்ளைகள், பருத்திக் கையுறை போட்டுக் கோட்டின் மேல் கோடு போட்ட அந்தப் பெண்களின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கதவுக்கு வெளியே டெட்லைன் நிற்கும், டெலிவரி முடிந்தால் பல சமயம் ஒப்பந்தமும் முடியும். பெயர்ப்பட்டியலில் நிறுவனத்துக்கு இத்தனை பெயர் என்று அளவு வைத்தால், முதலில் விடுபடுவது ரோட்டோகாரர் பெயர்.

அமெரிக்காவில் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2023 செப்டம்பரில் மார்வெல் நிறுவனத்தின் விஎஃப்எக்ஸ் ஊழியர்கள் ஒரு ஓட்டுகூட எதிராக விழாமல் சங்கத்தில் சேர முடிவெடுத்தார்கள். டிஸ்னியின் விஎஃப்எக்ஸ் ஊழியர்களும் அடுத்து அதே வழியில் வந்தார்கள்.

டெக்னிகலர் கதைக்கு வருகிறேன். சாயம் ஏற்றி அச்சடித்த அந்த நிறுவனம் கை மாறிக் கை மாறி, பிரெஞ்சு உடைமையாகி, விஎஃப்எக்ஸ் குழுமமானது. 'ஜங்கிள் புக்', '1917' படங்களுக்கு ஆஸ்கர் வாங்கிய எம்பிசி அதன் கீழ்தான் இருந்தது. 2025 பிப்ரவரி கடைசியில் குழுமம் கவிழ்ந்தது. லண்டன், பாரிஸ், மான்ட்ரியல் எல்லா இடத்திலும் வேலை போனது. அதில் பெரிய எண்ணிக்கை இந்தியாவில், முக்கியமாகப் பெங்களூருவில். சுமார் 3,000 பேர் என்று அன்றைய செய்திகள் சொல்லின. 1946இல் டெக்னிகலர் பிரதிகள் வராமல் ஹாலிவுட்டைத் தவிக்கவிட்ட லேப் தொழிலாளிக்கு ஒரு சங்கம் இருந்தது, அது தோற்ற சங்கமே ஆனாலும். எல்லைக்கு அப்பால் அவருக்காக வேலையை மறுத்த ஒரு ஃபிகெரோவா இருந்தார். 2025இல் பெங்களூருவில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவருக்காக வேலையை மறுக்கக்கூடியவர்கள் எந்த ஊரில் இருந்தார்கள்? வேலை அடுத்த ஏலக்காரருக்குப் போனது.

இதை அச்சில் ஏற்றுவது எளிதில்லை. தச்சரைச் செதுக்கினால் கையில் சுத்தியல் இருக்கும். மை தீட்டும் பெண்ணுக்குப் பேனாவும் கையுறையும். ரோட்டோ கலைஞரிடம் இருப்பது கணினித் திரையும் முதுகுவலியும். திரையின் வெளிச்சம் படும் முகத்தை லினோவில் கொண்டுவர, மெண்டெஸின் இணைகோட்டு உளி உதவும் என்று தோன்றுகிறது. டெக்னிகலர் முறையையே பின்பற்றி மூன்று கட்டைகளிலும் செய்யலாம். மஞ்சள் கட்டையில் 1940களின் மைப்பெண், கருஞ்சிவப்பில் ஊசிப்பட்டை முன் நிற்கும் லேப் தொழிலாளி, நீலப்பச்சையில் பெங்களூரு ரோட்டோ கலைஞர். மூன்றும் ஒரே தாளில், ஒன்றன் மேல் ஒன்றாக. மூன்றாவது நிறம் இறங்கும்வரை முதல் இருவரின் கைகள் யாருடையவை என்று புரியாத மாதிரி அமைக்க வேண்டும். பெயர்களை ஓரத்தில், இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். பெயர் தர விரும்புகிற ஒவ்வொருவரின் பெயரையும், எவ்வளவு நீண்டாலும்.

இதற்குத் தேவை மூன்று துண்டு லினோலியம், மூன்று நிற மை, ஒரு ரோலர், பொறுமை. சென்னை கவின் கலைக் கல்லூரியிலும் பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் அச்சுக்கலை கற்றுத் தருகிறார்கள். அங்கே படித்தவர்களில் எத்தனையோ பேர் இப்போது விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்களில்தான் வேலை பார்க்கிறார்கள்.